முனியாண்டிக்குப் போன பொங்கலும் வேணியின் பரீட்சையும்

முனியாண்டி துணை

புலாவ் செபாங்,
ஞாயிற்றுக்கிழமை, 11-7-54

அன்பு மகள் கமலவேணிக்கு உன் அம்மா இருசம்மாள் ஆசீர்வாதம் சொல்லி எழுதறது. நீயும் மீனம்மா சித்தியும் அங்கமுத்து சித்தப்பாவும் செந்தூல்ல நல்லபடியா இருக்கணும்னு சாமியக் கும்பிட்டுக்கறேன். இங்க எல்லாரும் சொகம்னு எழுதறதுதான் வழக்கம், ஆனா உனக்குத்தான் சங்கதி எல்லாம் தெரிஞ்சு போச்சே, அதனால நான் சொகம், ஆடு சொகம், உங்கப்பா போலீஸ் லாக்கப்புல இருந்தாலும் உடம்புக்குச் சொகம்னு எழுதறேன். உன் கடுதாசி முந்தாநாள் வெள்ளிக்கிழமை ஆபீசுக்கு வந்துச்சு. ரப்பர் பால் நிறுத்துப் போட்டுட்டு வந்த கையோட வாங்கிப் பிரிச்சேன், கையெல்லாம் பால் பிசுக்கு, காகிதம் விரல்ல ஒட்டிக்கிச்சு. படிச்சதும் எனக்கு வந்த கோவத்துல நீ மட்டும் பக்கத்துல இருந்திருந்தா பதினெட்டு வயசுப் பொண்ணுன்னுகூடப் பாத்திருக்க மாட்டேன். டீச்சர் காலேஜ் பரீட்சைக்குப் போகலையாம், வர்ற சனிக்கிழமை மெயில் ரயில்ல வந்துடறாளாம், அப்பாவோட நெரையில இவ போய் வரிசையா ரப்பர் மரத்துல பால் வெட்டறாளாம்! ஏண்டி, உன் கையில உளியக் கொடுத்தா அப்பா நெரை என்னத்துக்கு ஆகும், மரம்தான் பாவம். போன லீவுல ரெண்டு மரம் வெட்டிப் பாக்கறேன்னு வந்து பட்டையோட சேத்து கட்டையையும் சீவி வச்சியே, எங்களை மேய்க்கற மண்டோர் இன்னும் அந்த மரத்தைக் காட்டி என்னைக் கேலி பண்றாரு. அப்பா நெரையை வேற ஆள் போட்டு வெட்டறாங்க, என் நெரையை நான் வெட்டறேன், சோத்துக்கு இங்க ஒரு குறையும் இல்ல. நீ வந்து செய்ய வேண்டிய வேலை ஒண்ணும் இங்க இல்ல, அங்கதான் இருக்கு, அதை மொதல்ல மனசுல வச்சுக்க.

பாலகிருஷ்ணன் கிராணி உன் சித்தப்பாவுக்கு என்ன எழுதினாரோ எனக்குத் தெரியாது, ஆபீஸ் கிராணிக்கு எப்பவும் பாதி எழுதி பாதி முழுங்கற பழக்கம். அதனால நடந்ததை நடந்தபடி நான் எழுதறேன், இந்தக் கடுதாசியப் போலீஸ்காரன் பிரிச்சுப் படிச்சாலும் படிக்கட்டும், அவனுக்கும் நல்லாப் புரியட்டும். மொத பரீட்சையில உன் பேர் வந்துருச்சுன்னு நீ எழுதினது வந்த அன்னிக்கு உங்கப்பாவுக்குத் தரையில கால் பாவலை. லயம் முழுக்கச் சொல்லிட்டு வந்தாரு. அப்புறம்தான் என்கிட்ட வந்து தலையைச் சொறிஞ்சுக்கிட்டு, முனியாண்டிக்கு ஒரு பொங்கல் வேண்டியிருக்கேன், மக பேர் வந்தா கொண்டாந்து படைக்கறேன்னு சொல்லியிருக்கேன்னாரு. வேலி போட்டு லயத்தையெல்லாம் ஒண்ணாச் சேத்தப்ப மனுசன் வந்தான், ஆடு வந்துச்சு, கோழி வந்துச்சு, முனியாண்டி மட்டும் பழைய லயத்துக்கிட்ட காட்டோரத்துலயே நின்னுட்டாருன்னு உனக்குத் தெரியும். காட்டுல துப்பாக்கியோட இருக்கறவங்களுக்குப் போய்ச் சேந்துடும்னு வேலியத் தாண்டி ஒரு பிடி அரிசி போகக் கூடாதுன்னு சட்டம். வேலைக்குப் போறப்ப நாம கொண்டு போறது வெறும் கோப்பி, அதுலயும் சீனி போட்டிருக்கான்னு ஒரு சொட்டு நாக்குல விட்டுப் பாக்கறாங்க. தங்கா பத்துப் பக்கமெல்லாம் வெள்ளை ஏரியான்னு சொல்லி இந்தச் சட்டத்தை எடுத்துட்டாங்க, கந்தசாமி மாமா வீட்டுல நீ தங்கிப் படிச்சப்ப கடைசி வருசம் அதைப் பாத்திருப்பே, நமக்கு இன்னும் அந்தக் கொடுப்பினை வரலை. இதெல்லாம் நான் சொன்னேன். அதுக்கு உங்கப்பா சொல்றாரு, இது சாப்பாடு இல்ல இருசு, படையல், மனுச வாய் படாததை எப்படிச் சாப்பாடுன்னு சொல்லுவாங்கன்னு. அவரு வரைக்கும் அது நியாயம்தான், கேட்ல நிக்கறவனுக்கு அது தெரியணுமே.

ரெண்டாந்தேதி வெள்ளிக்கிழமை குளிச்சு முழுகி, புதுப் பானையில அவரே பொங்கினாரு, என்னைக் கரண்டி தொடக்கூட விடலை. படையலை மூடித்தானே கொண்டு போகணும், வாழை இலை போட்டு, வெள்ளைத் துணி கட்டி, வாளிக்குள்ள வச்சுத் தூக்கிக்கிட்டாரு. தூக்கினா சாமிகிட்ட போய் இறக்கற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது, அதுவும் உனக்குத் தெரியும். கேட்ல நம்ம ஹசான் நின்னுக்கிட்டிருந்தான், ஸ்பெஷல் போலீஸ்ல இருக்கறவங்கள்லயே நல்ல பிள்ளை அவன்தான். வாளியில என்னன்னு கேட்டான். உங்கப்பா பேசலை. துணியைத் தூக்கிப் பாத்தான், வெல்ல வாசனை அடிக்குது. அவன் பாவம், பதறிப் போயி, இங்கயே மக்கான் பண்ணிடு லா, ரெண்டு வாய் தின்னுட்டு மிச்சத்தை வீட்டுக்குக் கொடுத்து அனுப்பு, நான் ஒண்ணும் பாக்கலைன்னானாம். உங்கப்பா தலையை ஆட்டிட்டாரு. சாமிக்கு முன்னால இவரு தின்னுவாரா? சரி, திரும்பிப் போயிடுன்னானாம், அதுக்கும் தலையாட்டிட்டாரு, தூக்கின படையலைத் திருப்பக் கூடாதாம். இவரு அப்படியே மரம் மாதிரி நிக்க, பின்னால பேர் கூப்பிடற பெரட்டுக்குப் போற சனமெல்லாம் நிக்க, அந்த நேரம் பாத்து பெரிய போலீஸ் ஜீப்பு வந்து நின்னுச்சு. அப்புறம் ஹசான் என்ன செய்வான். மூடி மறைச்சு வச்சிருக்கான், கேட்டா வாயைத் திறக்கலை, தின்னச் சொன்னாத் தின்னலை, அப்போ இது யாருக்கோ கொண்டு போற சோறுதான்னு ஜீப்புல ஏத்திட்டாங்க. மூடினது மரியாதைக்கு, பேசாதது பக்திக்கு, தின்னாதது நேர்த்திக்கடனுக்கு. மூணும் சேந்து அவங்க கண்ணுக்குக் குத்தமாப் போச்சு. நான் ஓடிப் போறதுக்குள்ள ஜீப்பு வளைவு திரும்பிருச்சு. நான் கத்தின கத்துல எனக்கே தொண்டை கட்டிப் போச்சு.

மறுநாள் பக்கத்து வீட்டு முத்தாயியக் கூட்டிக்கிட்டு பஸ் ஏறி போலீஸ் டேசனுக்குப் போனேன். அங்க ஒரு தமிழ் ஆளு உக்காந்து எழுதிக்கிட்டிருந்தாரு, புருசன் பேர் என்னன்னு கேட்டாரு. நான் எப்படிச் சொல்லுவேன், முத்தாயி முந்திக்கிட்டு காளிமுத்துன்னு சொல்லிட்டா, அதுலயே அந்த ஆளுக்குச் சந்தேகம், பொண்டாட்டி நீயா அவளான்னு கேக்கறாரு. எரியறதுல எண்ணெய் ஊத்தற ஆளுங்க. அப்புறம் உங்கப்பாவப் பாக்க விட்டாங்க. ஒரே ராத்திரியில தலை கலைஞ்சு, கண்ணு உள்ள போயி நின்னாரு. எனக்கு அழுகையும் கோவமும் ஒண்ணா வந்துச்சு, ஒரு வாய், ஒரே ஒரு வாய் தின்னுத் தொலைச்சிருக்கக் கூடாதா, முனியாண்டி என்ன கண்ணக் குத்தவா போறாருன்னு கேட்டுட்டேன். அதுக்கு அவரு மெதுவாச் சொன்னாரு, அந்தப் பொங்கல் என்னுது இல்ல இருசு, வேணியுது, அவளுக்குன்னு வேண்டினதை நான் எப்படித் தின்ன முடியும்னு. கம்பியப் புடிச்சுக்கிட்டு அழுதுட்டேன், முத்தாயியும் அழுதா. அப்புறம் அவரே கேட்டாரு, ரெண்டாவது பரீட்சை என்னிக்குன்னு. பத்தொன்பதாம் தேதி திங்கக்கிழமைன்னேன். அவளை வரச் சொல்லிடாதே, வந்தா நான் அவ மூஞ்சியப் பாக்க மாட்டேன்னு சொல்லிட்டாரு. இதை நான் கூட்டிச் சொல்லலை, முத்தாயி சாட்சி. பொங்கப் பானையும் அங்க ஒரு மூலையில இருந்துச்சு, கழுத்துல அட்டை கட்டி நம்பர் போட்டு, ஈ மொய்ச்சுக்கிட்டு. நல்லவேளை, அதுக்கு ஜாமீன் கேக்கலை. இருவதாம் தேதி செவ்வாக்கிழமை விசாரணை வச்சிருக்காங்களாம், அன்னிக்குத்தான் கேஸ் போடறதா விட்டுடறதான்னு சொல்லுவாங்களாம். சாமிக்குன்னு சொல்லித்தான் எல்லாரும் அரிசி கடத்தறாங்க, நாங்க எப்படி நம்பறதுன்னு ஜீப்புல வந்த ஆபீசர் கேட்டதா எழுதற ஆளு சொன்னாரு.

பஸ்ல திரும்பி வர்றப்ப அதுதான் மண்டையில ஓடிக்கிட்டே இருந்துச்சு, எப்படி நம்பறதுன்னு கேக்கறானே, கண்ணால பாத்தா நம்புவானில்ல. சோறு வெளிய போகக் கூடாதுன்னாத்தானே சட்டம், சாமி உள்ள வரக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்கு? இறங்கினதும் நேரா சின்னத்தம்பி பூசாரிகிட்ட போய், முனியாண்டியை வேலிக்குள்ள கொண்டாந்துடலாம்னு சொன்னேன். மனுசன் குதிச்சாரு. எல்லைச் சாமியை உள்ள கொண்டாந்தா எல்லையை யாரு காக்கறதுங்கறாரு. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கலைங்கறது சும்மாவா சொன்னாங்க. நான் சொன்னேன், இப்போ நமக்கு எல்லைன்னா அந்த முள்வேலிதான் பூசாரி, கேட்டுப் பக்கத்துலயே நிக்கட்டும், போற வர்றவங்களை அவரும் ஒரு பார்வை பாக்கட்டும்னு. அப்பவும் முறைச்சாரு. சரி, சாமியையே கேட்டுடலாம்னு வெள்ளை அரளி செவப்பு அரளி ரெண்டையும் இலையில மடிச்சுப் போட்டுப் பூக் கேட்டோம், முத்தாயி எடுத்தா, வெள்ளை வந்துச்சு, சாமிக்குச் சம்மதம். அப்புறம் பூசாரியே செவ்வாக்கிழமைன்னு நாள் குறிச்சாரு. நானும் லயத்துப் பொம்பளைங்களுமா தொரை பங்களாவுக்குப் போனோம். தொரைக்கு மொதல்ல புரியலை, கிராணி இங்கிலீசுல சொன்னதும் சிரிச்சாரு, சிரிச்சுட்டு சரின்னுட்டாரு. போன செவ்வாக்கிழமை போயி கல்லையும் சூலத்தையும் எடுத்து வந்தோம். கேட்ல ஹசான், எதையும் சோதிக்காம விடக் கூடாதுன்னு ஆர்டர்னு சொல்லி, கல்லைச் சாச்சு அடியில அரிசி இருக்கான்னு பாத்தான், பாத்துட்டு அவனே செருப்பைக் கழட்டி ஓரமா விட்டான். சாமிக்கு ஐ.சி. கார்டு இருக்கான்னு கேளுடான்னு முத்தாயி கத்தினா, அத்தனை துக்கத்துலயும் சனம் சிரிச்சுச்சு.

அன்னிக்கே கேட்டுப் பக்கத்துல அடுப்புக் கூட்டி நான் பொங்கல் வச்சேன். தொரையும் வந்து தொப்பிய எடுத்துட்டு நின்னு பாத்தாரு. பொங்கல் வெந்து வாசனை வந்ததும் அவரு கிராணியக் கூப்பிட்டு, ஏன் யாரும் ருசி பாக்கலைன்னு கேட்டாராம். சாமிக்கு முன்னால யாரும் வாய்ல வைக்க மாட்டாங்கன்னு கிராணி சொல்ல, தொரை, அதனாலதான் காளிமுத்து திங்கலையான்னு கேட்டாராம். உங்கப்பா பேர் காதுல விழுந்ததும் ஏஸ் சார்னு நானே முந்திக்கிட்டுச் சொன்னேன், எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசு அது ஒண்ணுதான், அங்க உதவுச்சு. சூடம் காட்டினதும் தொரைக்கும் ஹசானுக்கும் இலையில கொடுத்தோம், ரெண்டு பேரும் தின்னாங்க. விசாரணைக்குத் தானே வந்து சொல்றேன்னு தொரை சொல்லியிருக்காரு. அவரு சொன்னா கேப்பாங்களா மாட்டாங்களா எனக்குத் தெரியாது, இல்லாததை இருக்குன்னு உனக்கு எழுத மாட்டேன். உள்ள தூக்கிப் போட்டாலும் போடுவாங்க. ஆனா உனக்கு வேண்டின நேர்த்திக்கடன் முடிஞ்சுது, சாமிக்குச் சேர வேண்டியது சேந்துருச்சு. அந்தக் கவலை இனிமே உனக்கு வேண்டாம்.

இப்போ நீ எழுதின ரெண்டாவது சங்கதிக்கு வர்றேன், இதுலதான் எனக்கு வயிறு எரியுது. அப்பா போலீஸ்ல இருக்கறது தெரிஞ்சா காலேஜ்ல பேரை அடிச்சுடுவாங்க, அதனால நேர்ல கேக்கறப்ப அப்பா இல்ல, செத்துப் போயிட்டாரு, சித்தப்பாதான் வளக்கறாருன்னு சொல்லிடச் சொல்லி கிராணி யோசனை சொல்லியிருக்காராமே. அப்படிச் சொன்னாத்தான் பரீட்சைக்குப் போக முடியும், அப்படிச் சொல்ல மனசு வரலை, அதனால போகலைன்னு நீ எழுதியிருக்கே. மனசு வராதது நல்லது. அப்படி உனக்கு மனசு வந்திருந்தா நான் பெத்தது வீண். ஒரு சீட்டுக்காக என் கழுத்துத் தாலிய அறுக்கச் சொல்றாரே அந்தக் கிராணி, அவரு வீட்டுல போய் யாராவது இப்படிச் சொன்னா சும்மா இருப்பாரா? நேத்துப் பெரட்டுல எல்லாரும் இருக்கறப்பவே கேட்டுட்டேன், ஏன் கிராணி, குத்துக்கல்லாட்டம் உசுரோட இருக்கற மனுசனுக்கு நீங்க ஏன் கருமாதி பண்றீங்கன்னு. மனுசன் மூஞ்சி செத்துப் போச்சு, உங்க நல்லதுக்குத்தான் சொன்னேன்மான்னாரு. நல்லதுக்குத்தான் சொல்லியிருப்பாரு, கெட்ட ஆளு இல்ல, பயந்த ஆளு. இந்த ஆறு வருசத்துல எல்லாருமே பயந்த ஆளாப் போயிட்டோம், வாயை மூடிக்கிட்டு இருந்தாப் பொழைச்சுக்கலாம்னு. நீ வாயை மூட வேண்டாம், பொய்யும் சொல்ல வேண்டாம். உங்கப்பா என்ன பண்றாருன்னு கேட்டா, தோட்டத்துல மரம் வெட்டறாரு, இப்போ போலீஸ்ல வச்சிருக்காங்க, எனக்காக வேண்டின பொங்கலைச் சாமிக்குக் கொண்டு போனாரு, தின்னச் சொன்னாங்க, சாமிக்கு முன்னால தின்ன மாட்டேன்னுட்டாருன்னு சொல்லு. நீதான் இங்கிலீசு படிச்சவளாச்சே, நான் தமிழ்ல சொன்னதை நல்ல இங்கிலீசுல சொல்லு. அதைக் கேட்டுட்டு வேண்டாம்னு சொன்னாச் சொல்லட்டும். அவங்க அடிச்சா அது அவங்க பாவம், நீயா அடிச்சுக்கிட்டா அது உன் பாவம்.

அப்புறம் அந்த ரெண்டாவது பரீட்சையப் பத்தி நீ எழுதினதை முத்தாயிக்கும் படிச்சுக் காட்டினேன். ஓட்டைக்கேத்த கட்டையைச் சொருகணுமாம், மணி அடிச்சா நிறுத்தணுமாம், நாலு படத்துல சேராத ஒண்ணைக் காட்டணுமாம். பழகறப்ப நம்ம மங்கு மாதிரி ஒரு கோப்பை, கத்தி, வாளி, கரண்டின்னு நாலு படம் வந்துச்சு, நீ கரண்டிதான் சேராததுன்னு போட்டே, சொல்லிக் கொடுக்கற ஐயா வாளிதான் சேராததுன்னு சொல்லிச் சிரிச்சாருன்னு எழுதியிருக்கே. நாங்களும் சிரிச்சோம், ஆனா உன்னைப் பாத்து இல்ல. மங்குல பால் வடியுது, கத்தியில வெட்டறோம், வாளியில ஊத்தறோம், கரண்டி எதுக்கு நெரைக்கு வருதுன்னு முத்தாயி கேக்கறா. நமக்கு அதான் சரி. ஆனா இது நம்ம பரீட்சை இல்ல கண்ணு, அவங்களுது. கேள்வி எழுதினவன் வீட்டுல மேசை இருக்கும், மேசை மேல கோப்பை இருக்கும், கத்தி கரண்டி இருக்கும், வாளி குளிக்கற ரூம்புல கிடக்கும். அன்னிக்கு ஒரு நாளைக்கு அவன் வீட்டுக்குள்ள போய் உக்காந்துக்கிட்டு யோசி. பாஸ் பண்ணி டீச்சரானதுக்கப்புறம் உன் பள்ளிக்கூடத்துல நீ கேக்கற கேள்வியில கரண்டியத் தூக்கி வெளிய போடு, யாரு கேக்கப் போறா. அதுவரைக்கும் வீறாப்பு வேண்டாம், வாளின்னே போடு.

இன்னொண்ணு எழுதியிருக்கே, அதை நான் திரும்பத் திரும்பப் படிச்சேன். உனக்கு எந்த வேலை பிடிக்கும், ஆளுங்களோட இருக்கறதா, மெசினோட இருக்கறதா, படிக்கறதா, கையால செய்யறதான்னு வரிசையாக் கேள்வி கேட்டு, எது உனக்குப் பொருந்தும்னு அவங்க பாத்துச் சொல்லுவாங்களாமே. அதை நீ சாதாரணமா எழுதிட்டே. எனக்கு அது சாதாரணம் இல்ல வேணி. எனக்குப் பன்னெண்டு வயசுல எங்கம்மா உளியக் கையில கொடுத்து இந்த நெரையில நில்லுன்னாங்க. பிடிக்குமான்னு யாரும் கேக்கலை. உங்கப்பாவைக் கேக்கலை, உங்கப்பாவோட அப்பா கப்பல்ல வந்தப்ப அவரையும் கேக்கலை. கேட்டிருந்தா நான் என்ன சொல்லியிருப்பேன்னு நேத்து வெட்டறப்ப எல்லாம் யோசிச்சேன். சிரிக்காதே, புலாவ் செபாங் ரயில் டேசன்ல பச்சைக் கொடி காட்டறாரே, அந்த வேலை கேட்டிருப்பேன். அத்தனை பெரிய வண்டி நான் கொடியத் தூக்கினாத்தான் நகரணும், யோசிச்சுப் பாரு. முத்தாயிய கேட்டேன், அவ துணிக்கடை வைக்கணும்ங்கறா, உள்ள இவ்வளவு நாளா ஒரு கடையே வச்சிருந்திருக்கா, யாருக்கும் தெரியலை. நம்ம வம்சத்துல மொத மொதலா உன்னைத்தான் ஒருத்தர் உக்கார வச்சு, உனக்கு என்னம்மா பிடிக்கும்னு கேக்கப் போறாங்க. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாம நீ எந்திரிச்சு ரயில் ஏறி வந்து என் பக்கத்து நெரையில நின்னா, அதைவிட எனக்கு என்ன அவமானம் இருக்கு? உங்கப்பா லாக்கப்புல இருக்கறது அவமானம் இல்ல, ஊரு பேசினாப் பேசட்டும், ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. சித்தி வீட்டுப் பக்கத்துல எவளாவது கேட்டா எங்கம்மாகிட்ட வந்து கேளுன்னு சொல்லு.

திங்கக்கிழமை காலையில வெறும் வயித்தோட போகாதே, சித்திகிட்ட ரெண்டு தோசையும் கோப்பியும் கேட்டு வாங்கிக் குடி, சீனி நல்லாப் போட்டுக் குடி, உனக்கு யாரும் நாக்குல வச்சுப் பாக்க மாட்டாங்க. தலைக்கு எண்ணெய் வச்சுப் படிய வாரு, அந்தப் புது பாசன் கொண்டை வேண்டாம். நேர்ல கேக்கறப்ப காலை ஆட்டாதே, நகத்தைக் கடிக்காதே. தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லு. அழுகை வந்தா அழுதுட்டுப் பதில் சொல்லு, பதில் சொல்லாம மட்டும் இருந்துடாதே. ரயில் டிக்கெட் வாங்கியிருந்தா திருப்பிக் கொடுத்துடு, சித்தப்பா ரயில்வே ஒர்க்சாப்புலதானே இருக்காரு, மாத்தித் தருவாரு.

வந்து பாக்கணும்னு உனக்கு மனசு அடிச்சுக்கும், தெரியும், எனக்கும் அடிச்சுக்குது. வீட்டுல ஒண்டியா சோறாக்கறப்ப ரெண்டு பேருக்கு அரிசி அள்ளிட்டு மறுபடி கொட்டறேன். இருந்தாலும் சொல்லிடறேன், வெளி ஆளு தோட்டத்துக்குள்ள வர ஆபீஸ் பாஸ் வேணும்னு உனக்குத் தெரியும். நேத்து கிராணிகிட்ட நானே சொல்லிட்டேன், திங்கக்கிழமைக்கு முன்னால கமலவேணி வந்தா பாஸ் எழுதாதீங்க, அவ என் மகதான், என் ஒரே மகதான், ஆனா உள்ள விடாதீங்கன்னு. ஹசான்கிட்டயும் சொல்லிட்டேன், அவன் முழிக்கறான், உன் பொண்ணா லா, வெளிய நிக்கட்டுமாங்கறான். நிக்கட்டும்னேன். சொல்லிட்டு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கிட்டு ஒரு பாட்டம் அழுதேன், ஆனா சொன்னதை மாத்தலை, மாத்த மாட்டேன். செவ்வாக்கிழமை மொத ரயில்ல வா, விசாரணைக்கு ரெண்டு பேருமா சேந்து போலாம், அப்பா உன் மூஞ்சியப் பாப்பாரு. அன்னிக்குப் பாஸ் நான் எழுதி வாங்கி வச்சிருப்பேன். பாஸாகி வந்தாலும் பெயிலாகி வந்தாலும் ரயில் டேசனுக்கே வந்து உன்னைக் கூட்டிக்கிட்டு வருவேன். எழுதாம வந்தா மட்டும், பெத்த தாயா இருந்தாலும் கேட்டைத் திறக்கச் சொல்ல மாட்டேன்.

முனியாண்டி உனக்கு முன்னால நடப்பாரு. நூறு வயசு நல்லா இரு, தலை நிமிந்து இரு. சித்திக்கும் சித்தப்பாவுக்கும் என் கும்பிடு சொல்லு. உன் ஐ.சி. கார்டையும் பரீட்சைச் சீட்டையும் ஒண்ணா ஒரு துணியில முடிஞ்சு வச்சுக்க, மறந்துடாதே.

இப்படிக்கு,
உன் வரவுக்கு செவ்வாக்கிழமை காத்திருக்கும் அம்மா,
இருசம்மாள்